சம்பளப் படிநிலை வகுக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

உன் நிறுவனத்தில் வேலைகளைத் தரம் பிரித்துச் சம்பளம் நிர்ணயிக்கும் குழுவில் உன்னையும் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தாய். "ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் தீர்ந்தது அம்மா" என்ற வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

பெண்களின் உழைப்பை வரலாறு மறந்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். வரலாற்றாசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பேனாவைத் திறப்பதற்கு முன்பே, உன் குழுவைப் போல் ஒன்று மேசையைச் சுற்றி அமர்ந்து, அந்த வேலைக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டிருக்கும்.

இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையை எடுத்துக்கொள். கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்கள் தையல் தேர்வில் தேறித்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனாலும் புதிய தர நிர்ணயம் அவர்களைத் திறன் குறைந்த 'பி' பிரிவில் தள்ளியது. அந்தப் பிரிவிலும் ஆண் வாங்கிய சம்பளத்தில் 85 சதவீதம்தான் அவர்களுக்கு. 1968 ஜூனில் 187 பெண்கள் தையல் இயந்திரங்களை நிறுத்தினார்கள். கையிருப்பில் இருந்த உறைகள் தீர்ந்தன. இருக்கை இல்லாத காரை யார் வாங்குவார்கள்? உற்பத்தியே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் அவர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 1970இல் சம ஊதியச் சட்டம் வர இந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம்.

பலரும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது அடுத்து நடந்ததுதான். அவர்கள் முதலில் கேட்டது 'சி' பிரிவு, அதாவது தங்கள் வேலை திறன் வேண்டும் வேலை என்ற ஒப்புதல். சம்பளம் 92 சதவீதமாக உயர்ந்தது, பிரிவு அசையவில்லை. 1984இல் மறுபடி வேலைநிறுத்தம் செய்த பிறகே அது கிடைத்தது. நாட்டுக்கே ஒரு சட்டம் வரக் காரணமானவர்களுக்குத் தங்கள் சம்பளப் பட்டியலில் ஓர் எழுத்தை மாற்ற 16 ஆண்டுகள்!

அது பழைய ஆலைக் கதை என்பாய். சரி, உன் துறைக்கே வருகிறேன். அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டும் கணினிக்கான நிரலைத் தாங்கிய கம்பி நினைவகம், அமெரிக்காவின் வால்தமில் இருந்த ரேதியான் ஆலையில் பெண்கள் கையால் கோத்தது. கம்பி கோத்த ஊசியை எதிரெதிரே அமர்ந்த இருவர் மாறி மாறி வாங்கிக் கொடுப்பார்கள். குட்டிக் காந்த வளையத்தின் ஊடாகக் கம்பி போனால் 1, விலகிப் போனால் 0. ஒரு கம்பி தடம் மாறினாலும் நிரலில் பிழை. பிரித்துத் திருத்துவது பெரும்பாடு. எந்த வளையம் என்று இயந்திரம்தான் காட்டியது, கை வெறுமனே கோத்தது என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரிடம் ஓர் ஊசியைக் கொடுத்துப் பார். மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டனின் பெயராவது இன்று நான்கு பேருக்குத் தெரிகிறது. கோத்தவர்களின் பெயரை யார் கேட்டார்கள்?

ஹென்ரியட்டா லெவிட்டைப் பற்றி நீயே படித்திருப்பாய். ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குப் புகைப்படத் தகடுகளில் விண்மீன்களின் ஒளியை அளந்தவர். அண்டத்தின் தூரத்தை அளக்க வழி செய்த அவரது முடிவு 1912இல் வெளியானபோது, அறிக்கையில் கையெழுத்து இயக்குநருடையது.

உங்கள் மதிப்பெண் தாளில் எதற்கெல்லாம் இடம் இருக்கிறது? பளு தூக்குவதற்கும் பட்டத்துக்கும் கட்டாயம் இருக்கும். எட்டு மணி நேரம் கண் பிசகாமல் இருப்பதற்கு, விரல் நிதானத்துக்கு, எரிந்து விழும் வாடிக்கையாளரை அடக்கிப் பேசுவதற்கு இருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்கு முன், கடைசி இரண்டு படிநிலைகளில் இருப்பவர்களின் பக்கத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார். மதிப்பெண்ணைப் பிறகு போடு. அப்போதும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றினால், ஏன் என்று எனக்கு விரிவாக எழுது. நான் விடமாட்டேன், உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா