பத்து பகாட் நண்பனுக்கு: பைட்டும் ஹெக்ஸும்

பத்தாங் பெர்ஜுந்தை,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு நண்பா,

உன் கடிதமும் நீ அனுப்பிய அச்சுத்தாளும் கிடைத்தன. மூட்டுவலி குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இந்த விஷயத்தில் உன் வாக்குமூலத்தை நான் ஏற்பதில்லை. தங்கையிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. நாம் ஓடித் திரிந்த தோட்டத் தொழிலாளர் லயங்களில் மிஞ்சியிருந்த கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தென்னமரம் என்ற தோட்டத்தில் 1917இல் வணிகத்துக்காகச் செம்பனை நட்டார்களே, இந்நாட்டில் அதுதான் முதல் என்று வாத்தியார் சொல்லும்போது நாம் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தோம். இப்போது என் வயிற்றுப்பாட்டில் பாதி அந்தச் செம்பனையிலிருந்துதான் வருகிறது. ஆலைகளின் கணினிகளைப் பழுது பார்க்கிறேன்.

உன் சிக்கலுக்கு வருகிறேன். பைத்தான் மொழியில் நீ எழுதிய நிரல் பிஸ்கட் சூளையின் வெப்பநிலையை ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தாய். ஹெக்ஸ் என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை; ஒரு பைட்டை அதில் இரண்டு இலக்கமாக எழுதுவோம். அதில் 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை வரும் எழுத்துகளையும் தமிழிலேயே எழுதப்போகிறேன். விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட எனக்குப் பொறுமை இல்லை.

உன் தாளில் 33 32 33 37 33 35 என்று இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று 33 வருவதைப் பார்த்ததுமே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. பிஸ்கட் சூளையின் வெப்பமானி அனுப்பியது மூன்றே மூன்று பைட்: 32 37 35. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்கு ஹெக்ஸில் 30 முதல் 39 வரை இடம். ஆகவே அது 275 என்ற எழுத்துத் தொடர். உன் நிரலின் முதல் பாதி அதை ஒழுங்காக ஹெக்ஸ் எழுத்தாக்கி, 323735 என்ற சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, தருகிறது. அதை மறுபடியும் பைட்டாக்க வேண்டிய இடத்தில் ‘என்கோட்’ போட்டிருக்கிறாய். அது பாவம், சொன்னதைத்தான் செய்கிறது: 3 என்ற எழுத்துக்கு ஒரு பைட், 2 என்ற எழுத்துக்கு இன்னொரு பைட். மூன்று பைட் ஆறாகிவிட்டது. அங்கே வரவேண்டியது ‘பைட்ஸ்’ வகையோடு வரும் ‘ஃப்ரம்ஹெக்ஸ்’. அது இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்துப் படித்து, ஒவ்வொரு இணையையும் ஒரு பைட்டாக்கும்.

நீ பழைய பைத்தான் 2 பழக்கத்தை விடவில்லை என்பதும் தெரிகிறது. அதில் சரத்தின் மேலேயே என்கோட் போட்டு, அடைப்புக்குள் ‘ஹெக்ஸ்’ என்று எழுதினால் ஹெக்ஸாகிவிடும்; ‘டிகோட்’ போட்டால் திரும்பப் பைட்டாகிவிடும். எழுத்துக்கும் பைட்டுக்கும் அங்கே வேலி கிடையாது. பைத்தான் 3 வேலி போட்டுவிட்டது. பழையதற்கான ஆதரவும் 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. பலர் இந்த வேலியைத் திட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். ஹெக்ஸ் சரம், அந்த எண்ணை நாம் கண்ணால் பார்ப்பதற்காக மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு. சீட்டை உலையில் போட்டுவிட்டுச் சோறு வேகவில்லை என்றால் எப்படி?

இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதில் நீ இன்னும் விழவில்லை. பைத்தானில் ‘ஹெக்ஸ்’ என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். ஒன்று பைட்ஸ் பொருளின் மேல் அழைப்பது. 2015இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. இன்னொன்று தனியாக நிற்கும் பழைய செயல்கூறு. அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். இந்தப் பழையவர் முன்னால் 0எக்ஸ் என்று ஒட்டிவிட்டு, ஓரிலக்க எண்ணின் முன்பூச்சியத்தை விட்டுவிடுவார். 02, 03 என்ற இரண்டு பைட்டையும் அவரிடம் தனித்தனியாகக் கொடுத்து, முன்னொட்டை வெட்டிச் சேர்த்தால் 23 வரும். திரும்பப் படிக்கும்போது இரண்டு பைட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு பைட். பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை. மொத்த எழுத்துகள் ஒற்றைப்படையாக அமைந்தாலாவது ஃப்ரம்ஹெக்ஸ் முரண்டு பிடித்து நம்மை எழுப்பும். எனவே பைட்ஸ் மேல் அழைக்கும் ஹெக்ஸையே பயன்படுத்து. 3.8 பதிப்பிலிருந்து அதற்குப் பிரிப்புக்குறியும் கொடுக்கலாம். முக்காற்புள்ளி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி எழுதியதை ஃப்ரம்ஹெக்ஸ் திரும்ப வாங்காது. வெற்றிடம் கொடுத்தால் இரு பக்கமும் போய்வரலாம்.

சென்ற மாதம் இங்கே ஓர் ஆலையில் நடந்ததைச் சொன்னால் நீ ரசிப்பாய். செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரியை எடைமேடையில் நிறுத்தி ஒருமுறை நிறுப்பார்கள். குலைகளை இறக்கிவிட்டு வெறும் லாரியை மறுபடியும் நிறுப்பார்கள். வித்தியாசத்துக்குத்தான் பணம். மேடைக்குப் புதிய கருவி வைத்தார்கள். பழையது எடையை எழுத்தாக அனுப்பியது. 12360 கிலோ என்றால் 31 32 33 36 30 என்று ஐந்து பைட் வரும், யார் பார்த்தாலும் புரியும். புதியது அதே எடையை வெறும் எண்ணாக, 30 48 என்று இரண்டே பைட்டில் அனுப்புகிறது. கருவியை விற்றவர்களின் ஆள் வந்து நிரலையும் பொருத்திவிட்டுப் போனார். அந்த நிரல் பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தது. 48 30 என்று படித்தால் எவ்வளவு தெரியுமா? 18480 கிலோ. அதுவும் ஒரு லாரிக்கு ஏற்ற எடைதான்! அசட்டு எண்ணாக வந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும்.

பிடித்தவர் எடைமேடைக் கிராணி, கணக்கு எழுதுபவர். வெறும் லாரி 6165 கிலோ என்று திரை காட்டியபோது, “இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் நகரும், ஐந்து எங்கிருந்து வந்தது?” என்று கேட்டுவிட்டு லாரிகளை நிறுத்திவைத்துவிட்டார். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் அவரை என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று நீயே ஊகித்துக்கொள். என்னைக் கூப்பிட்டார்கள். கணக்கு எதுவும் போடாமல், கருவியிலிருந்து வந்த பைட்டுகளை அப்படியே ஹெக்ஸில் அச்சிட்டேன். 15 18 என்று வந்தது. முன்னிருந்து படித்தால் 5400, பின்னிருந்து படித்தால் 6165. பைத்தானில் ‘இன்ட்’டின் ‘ஃப்ரம்_பைட்ஸ்’ அழைப்பில் ‘லிட்டில்’ (பின்னிருந்து) என்றிருந்ததை ‘பிக்’ (முன்னிருந்து) என்று மாற்றினேன், அவ்வளவுதான் வேலை. 3.11 பதிப்பிலிருந்து அந்தச் சொல்லை எழுதாமலே விடலாம். விட்டால் பிக் என்று எடுத்துக்கொள்ளும். நீ விடாதே. அடுத்து வந்து படிப்பவனுக்கு அந்த ஒரு சொல்தான் சாட்சி. அந்த லாரிக்கு நியாயமான குலை எடை 6960 கிலோ. கிராணி அமைதியாக இருந்திருந்தால் 12315 கிலோவுக்குப் பணம் போயிருக்கும்.

கடைசியாக, நம் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரின் பழைய கோப்புகள். திறந்தால் குப்பையாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். கோப்பைப் பைட்டாகத் திறந்து, தொடக்கத்தில் கொஞ்சத்தை மட்டும் ஹெக்ஸில் அச்சிட்டு எனக்கு அனுப்பு. மூன்று பைட்டுக்கு ஒருமுறை இ0 வந்து, அதன் பின்னால் ஏஇ அல்லது ஏஎஃப் வந்தால் அது இன்றைய யூனிகோட் தமிழ்தான், யூடிஎஃப்-8 வடிவில், எழுத்துருதான் கோளாறு. ‘தமிழ்’ என்ற சொல் அதில் பதினைந்து பைட் பிடிக்கும். பிஇ சி1 ஏ2 எஃப்ஏ என்று நான்கே பைட்டில் ‘தமிழ்’ கிடைத்தால் அது திஸ்கி, யூனிகோட் பரவுவதற்கு முன்பு இருந்த தமிழ்க் குறியீட்டு முறை. எனக்கு இரண்டாவதின் மேல்தான் சந்தேகம். அப்படியானால் எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை மட்டும் போதாது. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பைட்டுகள் இருக்கும். ‘கை’ என்பதில் முதலில் ஏ8 என்ற ஐகாரக் குறி, பிறகுதான் பி8 என்ற ககரம். யூனிகோடில் ககரம் முன்னால் வரவேண்டும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இதே கதைதான். அந்த மாற்று நிரலை நான் எழுதித் தருகிறேன்.

அதுவரை அந்தக் கோப்புகளை எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து ‘சேமி’ பொத்தானைத் தொடாதே. குப்பையை உண்மை எழுத்து என்று நினைத்து அது யூடிஎஃப்-8 ஆக எழுதிவிட்டால் பிஇ என்ற ஒரு பைட் சி2 பிஇ என்று இரண்டாகிவிடும். அதை அவிழ்ப்பது கூடுதல் வேலை. முதலில் நகல் எடு. வட்டுகளைத் தபாலில் போடாதே, தீபாவளிக்கு வரும்போது கையில் கொண்டுவா. ஃப்ளாப்பி படிக்கும் கருவி ஒன்று என்னிடம் இன்னும் ஓடுகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்