பெற்றோர்களுக்கு தலைமையாசிரியர் கடிதம்: ரிப்போர்ட் எடுக்க வர்றதுக்கு முன்னாடி

அன்பான பெற்றோர்களே, வணக்கம்.

வர்ற சனிக்கிழமை ரிப்போர்ட் எடுக்க வர்றீங்க, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடணும், பெற்றோர் ஆசிரியர் சங்க (பெ.ஆ.ச.) மீட்டிங்ல பேசலாம்னா பாதி பேரு ஷிப்ட்ல இருப்பீங்க, அதான் லெட்டர்.

கெண்டின்லயும் வாட்சப் குரூப்லயும் "என் பையன் டிபி 2 பையன்"னு சொல்றது அடிக்கடி காதுல விழுது. டிபின்னா ஒரு பாடம் எவ்வளவு கைக்கு வந்திருக்குன்னு காட்டற அடைவுநிலை, 1லேருந்து 6 வரைக்கும் இருக்கறது பாடத்துக்கு, பிள்ளைக்கு இல்ல. கணிதத்துல 2ல இருக்கற பிள்ளை தமிழ்ல 5ல இருக்கும், ரெண்டும் ஒரே பிள்ளைதான். நம்ம மலேசியாவுல ஆறாம் வகுப்பு யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021லயே நிறுத்தியாச்சு, ஆனா "எத்தன ஏ"ன்னு கேட்ட வாய் இப்போ "எத்தன டிபி"ன்னு கேக்குது, வேற ஒண்ணும் மாறல.

பள்ளிக்கூடம் புக்க மட்டும் சொல்லித் தர்ற இடம் இல்லீங்க. லைன்ல நிக்கறது, கை தூக்கிட்டு தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கறது, திங்கட்கிழமை அசெம்ப்ளில ஆடாம நிக்கறது, இதெல்லாம் பிள்ளை இங்கதான் பழகுது. அதோட சேர்த்து இன்னொண்ணும் பழகிக்குது, இந்த கிளாஸ்ல நாம யாரு, கெட்டிக்காரனா மக்கா, நல்லவனா சேட்டையான்னு. அத யாரும் போர்டுல எழுதறது இல்ல, டீச்சர் யாருகிட்ட கேள்வி கேக்கறாங்க, யாரோட பதிலுக்கு காத்திருக்காங்க, யார தாண்டி போறாங்கன்னு பாத்தே பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்.

அமெரிக்காவுல ரோசன்தால்னு ஒரு சைக்காலஜி ஆளும், ஜேக்கப்சன்னு ஒரு தலைமையாசிரியையும் (ஆமா, எங்க ஆளுதான்) ஒரு ஆரம்பப்பள்ளில ஒரு சோதனை செஞ்சாங்க, 1968ல வெளியிட்டாங்க. பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வச்சிட்டு, சும்மா குலுக்கல் மாதிரி அஞ்சுல ஒரு பங்கு பேர எடுத்து, இவங்கல்லாம் இந்த வருஷம் நல்லா வளருவாங்கன்னு டீச்சருங்ககிட்ட சொல்லிட்டாங்க. வருஷ முடிவுல முதல் ரெண்டு வகுப்புல அந்த பேரு வந்த பிள்ளைங்க மத்தவங்கள விட நல்லாவே ஏறியிருந்தாங்க, மேல் வகுப்புங்கள்ல அவ்வளவா இல்ல. அப்புறம் நிறைய பேரு இத குறை சொன்னாங்க, விளைவு அவ்ளோ பெருசு இல்லன்னாங்க, அதுவும் நியாயம்தான். ஆனா 1970ல ரிஸ்ட்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆள் எழுதினதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது, ஒரு பாலர் வகுப்பு டீச்சர் எட்டாவது நாளே பிள்ளைங்கள மூணு மேசையா பிரிச்சு உக்கார வச்சிட்டாங்க, எந்த டெஸ்டும் இல்ல, துணிமணி, பேச்சு, வீட்டு நிலைமை, இத பாத்துதான். ரெண்டு வருஷம் கழிச்சும் அந்த பிரிவு பெருசா மாறல.

நம்ம பிள்ளைங்கள்ல சிலது தோட்டத்து லைன் வீட்டுலேருந்து வருது, சிலது தாமான்லேருந்து (வீடமைப்புப் பகுதி) வருது, புரியும்னு நெனைக்கிறேன்.

அதனால டீச்சருங்ககிட்ட பேசி சிலது முடிவு பண்ணியிருக்கோம். உக்கார்ற இடம் மாசத்துக்கு ஒரு தடவ மாறும், என் பிள்ளைய முன்னுக்கு வைங்கன்னு தயவு செஞ்சு வராதீங்க. மோனிட்டர் வேலை எல்லாருக்கும் சுத்தி வரும். குறைநீக்கல் வகுப்புக்கு போற பிள்ளைங்கள "பெமுலிஹான் பசங்க"ன்னு யாரும் கூப்பிடக் கூடாது, அது வாசிப்பும் கணக்கும் கைக்கு வர்ற வரைக்கும் போற வகுப்பு, வந்துட்டா திரும்பி வந்துடுவாங்க. சேட்டை பண்ற பிள்ளைய கண்டிக்கத்தான் செய்வோம், அதுல மாத்தம் இல்ல, ஆனா "நீ எப்பவுமே இப்படித்தான்"னு சொல்றது வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.

வீட்டுல "அக்கா கெட்டிக்காரி, இவன் அப்பா மாதிரி, படிப்பு ஏறாது"ன்னு பிள்ளை முன்னாடியே சொல்றத நிறுத்துங்க, எங்ககிட்டயும் தங்கச்சிய பாத்ததும் அண்ணன் பேர சொல்ற பழக்கம் இருக்கு, அதையும் நிறுத்தச் சொல்லியாச்சு.

சனிக்கிழமை ரிப்போர்ட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியா கொடுப்போம், போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க. வர்றப்போ பிள்ளையோட பயிற்சி நோட்டையும் கொண்டாங்க, ரிப்போர்ட்ட விட அதுலதான் நிறைய பேச வேண்டியது இருக்கு. காலைல ஷிப்ட் இருந்தா முதல்லயே ஆபிஸ்ல சொல்லிடுங்க, பின்னேரம் காத்திருக்கோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்