படிவத்தில் நான் சொன்ன பதில்

அக்கா,

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் வளர்ச்சியையும் வயிற்றுப்போக்கையும் பதிவு செய்கிற நம் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் களப்பணியாளர்களுக்கு வருகிற வெள்ளிக்கிழமை வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டுவிட்டேன். முன்பெல்லாம் கேட்டபோது ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். இந்த முறை சரி என்று சொல்லிவிட்டேன். தொற்றுக் காலத்தில் வீடு தேடிப் போய்க் குழந்தையை அளப்பது எப்படி என்பதுதான் பாடம். 2020இன் அந்தக் கொரோனா ஆகஸ்ட் மாதத்தைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த எனக்குத் தெரியாது. சொன்னால் அதில் நீங்கள் வந்துவிடுவீர்கள். உங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் மகள் இதையெல்லாம் படிப்பாள் என்று தெரியும். அவளாவது உங்களிடம் காட்டுவாள்.

நாலு பேர் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை எழுத மாட்டேன். தெருவின் பெயர், பையனின் பெயர், கோப்பில் அவனுக்கு இருந்த எண், எதையும் எழுத மாட்டேன். எண்ணும் பெயரைப் போலத்தான், அதையும் வெளியே சொல்லக் கூடாது என்று முதல் வாரமே எனக்குச் சொன்னவர் நீங்கள். அலுவலகம் உங்களை அனுப்பிவைத்த விதத்தைப் பற்றியும் எழுத மாட்டேன். எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள்.

ஊரடங்கில் வீடுகளுக்குப் போகாமல் போனிலேயே விசாரித்த அந்த மாதங்களைப் பற்றி உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பத்து அழைப்புக்கு ஒன்றில் இன்னொருவரும் சேர்ந்திருந்து கேட்க வேண்டும் என்று விதி போட்டார்களே, அதில் உங்கள் அழைப்புகளையே நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். பெரும்பாலும் கணவர்தான் போனை எடுப்பார். "பையன் நன்றாக இருக்கிறான்" என்பார். நேற்று எத்தனை முறை வெளிக்குப் போனான் என்றால் பதில் வராது, அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வீர்கள். பீடி இலை வந்ததா என்று கேட்பீர்கள். ரேஷன் கடையில் அரிசியும் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்களா, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கிடைத்ததா என்றெல்லாம் விசாரிப்பீர்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனானா என்கிற நம் கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வரும். நான் நேராகக் கேள்விக்குப் போய்விடுவேன். 2020 ஏப்ரலிலும் மேயிலும் என் தாள்களில் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய ஒழிந்தே போயிற்று. உங்கள் தாள்களில் ஒழியவில்லை. உங்கள் பகுதியில் மட்டும் தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று மேலே இருந்து கேட்டார்கள். இரண்டு பகுதிக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். உங்களுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இதை வகுப்பில் சொல்லப் போகிறேன். இதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

அந்த நாட்களில் உங்கள் அம்மா சித்தூர்ப் பக்கம் தனியாக இருந்தார். குடியாத்தத்துக்கு அப்பால் ஆந்திர எல்லையில், சைனகுண்டாவில் சாலைக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார்களே, அந்தப் படம் என் போனுக்கு வந்தபோது நீங்கள் ஒரு தாயிடம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும், பாதி பாதியாகக் கலக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அந்தச் சுவரை எடுத்துவிட்டார்கள். நான் உங்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல்தான்.

இனி அந்த வீடு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் முழு ஊரடங்கு இருந்த மாதம். நேரில் போகலாம் என்று அனுமதி வந்த முதல் வாரம். வாசலிலேயே அளக்க வேண்டும், உள்ளே போகக் கூடாது என்றார்கள். ஆறடி இடைவெளி என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கி கத்தியது. நம் அளவுப் பலகையின் நீளமோ ஒரு மீட்டர் சொச்சம். ஒருத்தி தலையைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி முழங்காலை அழுத்திக் காலடிப் பலகையை நகர்த்த வேண்டும். அந்த விதியை எழுதியவர்கள் ஒரு குழந்தையையாவது அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பையனுக்கு அன்று பதினெட்டு மாதம். அவன் நம்மைக் கடைசியாகப் பார்த்து ஐந்து மாதமாகியிருந்தது. அவன் ஆயுளில் அது கால் பங்குக்கு மேல். நம் இருவருக்கும் முகக்கவசம், அதன் மேல் கண்ணாடித் தடுப்பு, முழுக்கை அங்கி. என்னைப் பார்த்ததும் வீறிட்டவன் பலகையில் படுக்க வைத்ததும் முதுகை வளைத்துத் துள்ள ஆரம்பித்தான். முழங்கால் மடங்கியிருந்தால் அளவு தப்பு. அழுதழுது மூச்சு நின்றுவிடுமோ என்று அவன் அம்மா பயந்துவிட்டாள். "வேண்டாம் விடுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றாள். அடுத்த மாதம் என்றால் பதினெட்டாம் மாதத்துக் கட்டம் காலியாகப் போயிருக்கும்.

அப்போதுதான் நீங்கள் தடுப்பைத் தூக்கி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, அவன் மேல் குனிந்தீர்கள். "யாரென்று பார்" என்றீர்கள். அவ்வளவுதான். அவன் பார்த்தான். கையை நீட்டி உங்கள் மூக்குத்தியைப் பிடித்தான், அவனுடைய பழைய வழக்கம். கால் தானாக நீண்டது. நீங்கள் வலது கையால் பலகையை நகர்த்தி அளவைச் சொன்னீர்கள், நான் திருப்பிச் சொன்னேன். இரண்டாவது அளவும் எடுத்தோம். பிறகு முகக்கவசம் மேலே போயிற்று. அவன் அம்மா சிரித்துவிட்டாள். எல்லாம் ஒரு நிமிடம் இருக்கலாம்.

அளவை இங்கே எழுத மாட்டேன். அந்த வயது ஆண் குழந்தைக்கு 76.9 சென்டிமீட்டர் என்று ஒரு கோடு இருக்கிறது, அதற்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியவன் என்று கணக்கு. அவன் மேலேதான் இருந்தான். நீங்கள் படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஊரே பட்டினி கிடந்தபோதும் இவள் பிள்ளையை விடவில்லை" என்றீர்கள். அந்த வாக்கியத்தை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை, அக்கா. பயமும் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவன் தலை என் இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தது, அவன் என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே உங்களுக்குப் பெருங்காய வாசனை தெரியாமல் போயிற்று. பரிசோதனையில் பாசிட்டிவ். சுகாதார ஆய்வாளர் உங்களிடம் கேட்டார், எல்லா வீட்டிலும் முகக்கவசம் போட்டிருந்தேன் என்றீர்கள். பிறகு என்னிடம் கேட்டார். முகக்கவசம் இல்லாமல், ஒரு மீட்டருக்குள், யாராவது? நான் அந்த வீட்டைச் சொன்னேன்.

நான் பொறாமையால் சொன்னதாக நீங்கள் ஒருவரிடம் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டேன். யாரிடம் என்பது நம் இருவருக்கும் தெரியும், அவரும் இதைப் படிப்பார். பொறாமை இருந்தது. அதனால் சொல்லவில்லை. அந்த வீட்டில் சர்க்கரை நோயோடு ஒரு கிழவி படுத்திருந்தார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே என்று கற்றுக்கொடுத்தவர் யார்? அழிப்பானைப் பையில் வைத்துக்கொள்ளாதே, தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது, கையெழுத்தும் தேதியும் போடு என்றவர் யார்? உங்கள் பதிலை நீங்களே ஒரு கோடு போட்டு அடித்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. அதை என் தலையில் கட்டினீர்கள்.

அதன் பிறகு நடந்ததில் எனக்கு வருத்தம் இருக்கிறது. அந்தச் சந்தின் வாயை அடைத்துத் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள், பதினான்கு நாள். அவன் அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் வீடு நாலு வீடு தள்ளி. அந்தத் தெருவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் நீங்கள்தான் நம் திட்டம். அந்தத் தெருக் குழாயிலேயே உங்களைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்று கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எழுந்துவிட்டேன். வந்து பார்த்திருக்க வேண்டும். நானும் தனிமையில் இருந்தேன், வர முடியாது. தனிமை முடிந்த பிறகு வந்தேன், நீங்கள் கதவைத் திறக்கவில்லை. உங்கள் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயம்தான். அதற்காக மன்னியுங்கள் என்றால் எதற்காக என்று கேட்பீர்கள், எனக்கும் சொல்லத் தெரியாது.

கிழவிக்கு நெகட்டிவ். அம்மாவுக்கு நெகட்டிவ். பையனுக்கும் நெகட்டிவ். அந்தச் சந்தில் ஒருவருக்கும் உங்களால் எதுவும் வரவில்லை. அந்தச் செய்தி வந்த மாலையில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இதை வீட்டில்கூட நான் சொன்னதில்லை. ஒருவருக்காவது வந்திருந்தால் நான் சொன்னதில் அர்த்தம் இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியவள்தான் வெள்ளிக்கிழமை நின்று பாடம் நடத்தப் போகிறாள்.

ஆனால் நீங்கள் போனீர்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் இரண்டு வரி. உங்கள் வீடுகளை என் பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் "அக்கா எங்கே?" என்றுதான் கேட்டார்கள். சிலர் என்னைக் கேட்காமலே கதவைச் சாத்தினார்கள். தடுப்பூசி அட்டைகளைப் பார்த்தேன், பதினெட்டாம் மாதத்து முத்தடுப்பு ஊக்க ஊசிக் கட்டங்கள் வரிசையாகக் காலி. நீங்கள் இருந்திருந்தால் செவிலியரைப் பின்தொடர்ந்து போய், டோக்கன் வாங்கி, நீங்களே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நின்றிருப்பீர்கள். அது நம் வேலை இல்லை என்று உங்களைக் கண்டித்தவர்கள் உண்டு. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்குச் சொன்னார்கள்: டிப்தீரியா, கக்குவான், டெட்டனஸ் தடுப்பூசியின் முதல் தவணைகூடப் போடாத குழந்தைகள் இந்தியாவில் 2019இல் 14 லட்சம், 2020இல் 30 லட்சத்துக்கும் மேல். அதைப் படித்தபோது உங்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. லட்சங்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று தெரியும். நாற்பது சொச்சம் வீடுகளுக்குப் பொறுப்பு.

நீங்கள் ஒரு முறை சொன்னீர்கள்: வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து 2016இல் தேசிய அட்டவணையில் சேர்வதற்கு முன்னால் அதைச் சோதித்த மூன்று ஊர்கள் டெல்லி, புனே, நம் வேலூர். பிள்ளைக்கு வாயில் விடுவது ஐந்தே சொட்டு, அதற்குப் பின்னால் சோதனைக்காக எத்தனை மல மாதிரிக் குப்பிகள் தூக்கியிருப்பார்கள் தெரியுமா என்று கேட்டுவிட்டு, என் கையில் குளிர்பெட்டியைக் கொடுத்தீர்கள். அந்த வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது இது எதற்கு என்று கேட்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தெருக் குழாய்ச் சண்டைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகலாமா? சண்டை என்று சொல்வது சரியில்லைதான். எனக்கு நடந்திருந்தால் நானும் போயிருப்பேனோ என்னவோ.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்று, தாமதமாக. அவன் அம்மா உங்கள் மேல் கோபமாக இல்லை. என் மேல்தான். என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள், உட்காரச் சொல்ல மாட்டாள்.

வகுப்பில் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். மூத்த களப்பணியாளர் ஒருவர் என்றுதான் சொல்வேன். நீங்கள் முகக்கவசத்தை இறக்கியதையும் சொல்வேன், அதனால் அளவு சரியாகக் கிடைத்ததையும் சொல்வேன். ஆய்வாளர் என்னைக் கேட்டதையும் நான் பதில் சொன்னதையும் சொல்வேன். நீங்கள் அவரிடம் சொன்ன பதிலைச் சொல்லாமல் விட்டுவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதை இங்கே எழுதிவிட்டு அங்கே மறைப்பதில் அர்த்தமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். இங்கே படிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது, அங்கே உட்காரப்போகிறவர்களில் இரண்டு பேர் உங்கள் தெருப் பெண்கள்.

என் எண் மாறவில்லை. பேச வேண்டாம், வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். ஒன்றும் வராவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.