மண்ணில் உள்ள பாக்டீரியாக்களையும் சோதித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
திருப்பாலைக்குடி வட்டார மானாவாரி விவசாயிகள் சார்பில் ஒரு விவசாயி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கடலோர வயல்களில் நுண்ணுயிர்ச் சோதனையும், உயிர் உரங்களுக்குக் குளிர்ச்சியான இருப்பிடமும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலுக்குப் பக்கத்தில் எனக்கு இரண்டு வயல்கள். ஒன்றில் மூன்று வருடமாக, அறுப்பு முடிந்ததும் ஆடு மேய்க்கும் கீதாரியிடம் சொல்லி மாசியில் ஆட்டுக்கிடை போடுகிறேன்; புழுக்கை வயலிலேயே விழ, மந்தையை இரவில் அங்கே அடைப்பது அது. மற்றதற்குக் கிடைக்கூலி கொடுக்க முடியாமல் யூரியா, டிஏபி என்ற ரசாயன உரங்கள் மட்டும்தான். இந்த ஆவணியில் புழுதி உழவு ஓட்டியபோது கிடை போட்ட மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. அடுத்த வயல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. வரப்போரம் உப்புப் பூத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே விதை.

ஆட்டுப்புழுக்கை அப்படியே பயிருக்குச் சத்தாகிவிடாது. பாக்டீரியாக்கள் அதை மக்கவைத்த பிறகே வேர் எடுத்துக்கொள்ளும். அவை விடும் பசையில் மண்துகள்கள் கட்டிச் சேர்வதால் மழைநீர் உள்ளே இறங்கி உப்பைக் கீழே கொண்டுபோகிறது. உப்பு ஏறிய மண்ணில் அவை பெருகுவது கஷ்டம். தீனியும் இல்லையென்றால் இன்னும் மோசம். அதற்காக எதையும் கொட்டிவிடவும் முடியாது. வைக்கோலும் செத்தையும் மக்காமல் போட்டால், அதைச் செரிக்க அவை தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளடித்துவிடும்.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் வருகின்றன. உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள் எல்லாம் உண்டு. உயிர் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் இல்லை. நான் கண்ட வித்தியாசம் பாக்டீரியாவால்தானா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். எனவே கிடை போடும் முன்பும், விதைப்புக்கு முன்பும் எங்கள் வயல்களில் மண் எடுத்து, இராமநாதபுரத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் வழியாகப் பாக்டீரியாக்களை எண்ணித் தர உத்தரவிட வேண்டுகிறேன்.

அப்புறம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரப் பொட்டலங்கள். பயிருக்கு உதவும் பாக்டீரியாக்களை உயிரோடு அடைத்து விற்பவை இவை. தூள் வடிவத்தில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. போன வருடம் நான் வாங்கியவை தகரக் கூரைக்கு அடியில், கைவைத்தால் சுடும் சூட்டில் கிடந்தன. அதில் எத்தனை பிழைத்திருக்கும்? விதைப்புக்கு ஒரு வாரம் முன்பாக, காலாவதித் தேதி பார்த்து, வெயில் படாத குளிர்ந்த இடத்திலிருந்து அவை எங்கள் கைக்குக் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருப்பாலைக்குடி வட்டார விவசாயிகளுக்காக.