எதிரே சைக்கிள் வந்தாலும் டிம் அடியுங்கள்

மதுரை ரோடுகளில் விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும் பைக், ஆட்டோ, கார், வேன் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். நான் ஹார்விபட்டியில் குடியிருக்கிறேன். சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பைண்டிங் வேலை. போக வர சைக்கிள்தான். திருப்பரங்குன்றம், மூலக்கரை, பசுமலை, பைகாரா, பழங்காநத்தம் ரவுண்டானா, பெரியார் பஸ் ஸ்டாண்டு, மேலவெளி வீதி என்று போகும் என் ரூட்டு. அவசரமில்லாமல் மிதித்தால் முக்கால் மணி நேரம். எங்கள் ஊர் மில் தொழிலாளர்களுக்காக உண்டான ஊர். அப்பா மில்லுக்குப் போனதும் சைக்கிளில்தான். சங்கு ஊதும் நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிளாக இருக்கும் என்பார். இப்போது அதே ரோட்டில் என்னைப் போல ஆங்காங்கே ஒன்றிரண்டு பேர்தான். அதனால்தான் உங்கள் கண்ணுக்கு நாங்கள் படுவதில்லையோ என்னவோ.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை பிறந்ததும் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். "இந்தக் கூதலில் சைக்கிளிலா?" மதுரைக் குளிர் என்ன பெரிய குளிர்? தை மாத விடியற்காலையில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கொடைக்கானல்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் நாம் குரங்குக் குல்லா போடாமல் விடுவோமா? நானும் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் கிளம்புகிறேன். மூலக்கரை தாண்டுவதற்குள் உடம்பு சூடேறி, மப்ளர் கேரியருக்குப் போய்விடும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு. மிதிக்கிறவனை அது ஒன்றும் செய்யாது.

மழை கொஞ்சம் படுத்தும். ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். அதனால் வழக்கமாகப் பிடிக்கும் இடத்துக்குப் பத்தடி முன்பே பிடிக்க வேண்டும். மழைக்கோட்டு போட்டால் வெளியே மழையும் உள்ளே வியர்வையுமாக எப்படியும் நனைவோம். ஐப்பசி முடிந்ததும் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை ஓவராயில் பண்ணி, பால்ரஸை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் வண்டி தாங்கும். மணிநகரம் கர்டர் பாலத்தின் அடியில் தண்ணீர் நிற்கும் நாளில் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன். வைகை அணை 66 அடியைத் தொட்டு முதல் வெள்ள எச்சரிக்கை விட்டார்கள் என்று சேதி வந்தாலே எங்கள் அச்சகத்தில் பேச்சு மாறிவிடும். 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. அப்புறம் தண்ணீரைத் திறந்துவிட்டு இங்கே ஆற்றின் தரைப்பாலமான கல்பாலம் மூழ்கினால், அந்த வண்டிகளெல்லாம் ஏ.வி. பாலத்துக்குத் திரும்பிச் சிம்மக்கல்லே அசையாமல் நிற்கும். அன்றைக்கு மட்டும் சைக்கிள்காரன் ராஜா. சந்து சந்தாகப் புகுந்து வெளியே வந்துவிடுவான்.

ஆகக் குளிரும் மழையும் எனக்குப் பழகிவிட்டன. பழகாதது, எதிரே வரும்போது நீங்கள் தாழ்த்தாமல், அதாவது டிம் அடிக்காமல், விடும் முகப்பு விளக்கு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்த மாதங்களில் எனக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஆறரை மணிக்கு வேலை. ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன். மே கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எட்டிப் பார்த்துவிடும், அதனால் கிளம்பும்போதே கீழ்வானம் வெளுத்திருக்கும். டிசம்பர் 21, 22 வாக்கில்தான் பகல் குறைவு என்பது சரி, ஆனால் அதற்கப்புறம் விடியல் முன்னால் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியும், மதுரையில் சூரியன் ஆகத் தாமதமாக எழுவது ஜனவரி கடைசியில். அப்போது ஆறு நாற்பது ஆகிவிடும். பொங்கல் முடிந்து வாசல் கோலம் சின்னதாகிப் போன பிறகும் எனக்கு இருட்டு கூடிக்கொண்டே போகும். மாலையில் இதற்கு நேர்மாறு. நவம்பர் பின்பாதியில்தான் சூரியன் ஆக முந்தி, ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடுகிறது.

வேலையும் பார்த்து இந்த மாதங்களில்தான் குவியும். சிவகாசியிலிருந்து வரும் காலண்டர் அட்டையில் கடைப் பெயர் அடித்துத் தர வேண்டும். தை முகூர்த்தங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் ஒரு ராத்திரி. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கேரியரில் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐம்பது பத்திரிகை வைத்திருந்தேன், பெண் வீட்டார் திருப்பரங்குன்றத்தில்தான், போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று. பைகாராவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு கார், விளக்கைத் தாழ்த்தாமல் பிரைட்டில். வெள்ளை வெளேரென்ற விளக்கு. கண்ணாடி போட்டவன் நான், கண்ணாடியில் மழைத்துளி வேறு. ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காகிவிட்டது. கார் கடந்து போன பிறகு அந்த வெளிச்சத்தின் இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் கண்ணுக்குள் நின்றது. ஓரத்தில் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளத்தில் மண் உள்வாங்கியிருந்தது. முன்சக்கரம் இறங்கியதுதான் தெரியும். முழங்கை, முட்டி இரண்டும் தேய்ந்தன. பின்னால் வந்த ஒரு தம்பி பைக்கை நிறுத்தி, கை கொடுத்துத் தூக்கி, சேற்றில் கிடந்த பத்திரிகைகளையும் பொறுக்கிக் கொடுத்தார். மணமக்கள் பெயர் மீது மஞ்சள் தண்ணீர் ஓடியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், மறுநாள் என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி வேறு ஐம்பது அடித்தேன். காரில் வந்தவருக்கு இது எதுவுமே தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு சைக்கிளைக் கடந்தோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். இருட்டில் நம் கண்பாவை விரிந்திருக்கும். திடீரென்று வெளிச்சம் அடித்தால் சுருங்கும். மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். நான் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்று வையுங்கள். மூன்று நொடி கண் தெரியாவிட்டால் 12 மீட்டருக்கு மேல் குருட்டாம்போக்கில் போய்விடுவேன். 40 கிலோமீட்டரில் போகும் பைக்காரர் 33 மீட்டர். அந்த இடத்தில் பள்ளமும் இருக்கலாம், படுத்திருக்கும் மாடும் இருக்கலாம், பொங்கலுக்குக் கரும்பு ஏற்றி விளக்கில்லாமல் ஓரம் நிற்கும் டிராக்டரும் இருக்கலாம்.

மழை ராத்திரியில் இது ஏன் இரட்டிப்பாகிறது தெரியுமா? காய்ந்த ரோடு சொரசொரப்பாக இருக்கும். உங்கள் விளக்கு வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, கொஞ்சம் உங்கள் பக்கமே திரும்பி வரும், ரோடு தெரியும். நனைந்த ரோடு கண்ணாடி மாதிரி. வெளிச்சத்தை முன்னால், எதிரே வருகிறவர் முகத்துக்குத் தள்ளிவிடும். உங்களுக்கு ரோடு மங்கலாகத் தெரியும். 'வெளிச்சம் பத்தவில்லை' என்று நினைத்து பிரைட்டுக்குப் போவீர்கள். எனக்கோ மேலே ஒரு விளக்கு, கீழே ரோட்டுக்குள் தலைகீழாக இன்னொரு விளக்கு.

மார்கழி மூடுபனியில் பிரைட் போடுவது உங்களுக்கே நஷ்டம். பனித்துளி ஒவ்வொன்றும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். டிம்மில் வெளிச்சம் தாழ்ந்து ரோட்டில் விழுவதால் இன்னும் நன்றாகத் தெரியும். கண்மாய்க்கரை ரோட்டில் ஒரு விடியற்காலை இரண்டையும் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சரி, டிம் அடிப்பது உங்களுக்குத் தெரியாததா? எதிரே லாரி வந்தால் அடிக்கிறீர்கள். பஸ் வந்தால் அடிக்கிறீர்கள். அடிக்காவிட்டால் அவர் ஒரு தடவை விளக்கைத் தூக்கிப் போட்டு ஞாபகப்படுத்துவார், அது இரண்டு தடவை என்றால் கோபம் என்று அர்த்தம். ரோட்டில் இது ஒரு பாஷை. சைக்கிள்காரனுக்கு அந்தப் பாஷை பேச வாய் இல்லை. என் கையில் இருப்பது ஒரு சின்ன பேட்டரி விளக்கு. அதைத் தூக்கிப் போட்டாலும் உங்கள் வெளிச்சத்தில் அது மின்மினிப் பூச்சி. பதிலுக்கு என்னால் உங்கள் கண்ணைக் கூசவைக்க முடியாது என்பதற்காகத்தான் எனக்கு டிம் அடிக்காமல் விடுகிறீர்களோ என்று சில ராத்திரி தோன்றும். கசப்பாகத்தான் தோன்றும், மறைப்பானேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் நீங்களே வேகத்தைக் குறைக்கிறீர்கள். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தூரத்திலேயே தெரியும். உடனே விளக்கும் தாழ்கிறது. அந்த மரியாதையில் பாதி போதும் எங்களுக்கு.

சிலர் சொல்கிறார்கள், "என் பைக்கில் விளக்கை அணைக்கவே முடியாது, சாவியைப் போட்டாலே எரியும்." உண்மைதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரியும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரைட்டும் டிம்மும் மாற்றும் சுவிட்ச் அப்படியேதான் இருக்கிறது, இடது கைக் கட்டை விரலுக்குக் கீழே. முன்பெல்லாம் முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், லாரிகளில் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்டே அடித்திருப்பார்கள். இப்போது வரும் விளக்குகளில் அதையெல்லாம் காணோம். வண்டியோடு வந்த விளக்கு போதாமல் கூடுதலாக இரண்டு வெள்ளை விளக்கை பம்பரில் மாட்டிக்கொண்டு டவுனுக்குள் வருகிறவர்களிடம் மட்டும் நான் தனியாகப் பேச வேண்டும். தெருவிளக்கு எரியும் மேலவெளி வீதியில் எந்தக் காட்டைத் தேடுகிறீர்கள்?

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லாவிட்டால் இது நியாயமான மடல் ஆகாது. சைக்கிள்காரர்களில் முக்கால்வாசிப் பேரிடம் விளக்கு இல்லை. அப்பா காலத்தில் விளக்கில்லாமல் ராத்திரி சைக்கிளில் போனால் போலீஸ் நிறுத்தி, டயரில் காற்றைப் பிடுங்கிவிடுமாம். டபுள்ஸ் போனாலும் அதே கதி. பயந்துகொண்டே டைனமோ மாட்டுவார்கள். டயரில் உரசி ஓடும் டைனமோவை நானும் வைத்திருந்தேன். மழையில் டயர் நனைந்தால் வழுக்கும். சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், சரியாக நமக்கு வெளிச்சம் வேண்டிய நேரத்தில். இப்போது சார்ஜ் போடும் விளக்கு வந்துவிட்டது. ஆனால் டீ கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகும் அண்ணாச்சியும், கீரைக் கட்டோடு வரும் ஐயாவும், ராத்திரி வாட்ச்மேன் வேலை முடிந்து திரும்பும் பெரியவரும் அதற்கெல்லாம் செலவழிக்க மாட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளில் விடியற்காலை டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும் அப்படித்தான்.

அவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை உண்டு. பழைய சைக்கிள்களில் பின் மட்கார்டின் கீழ்ப்பகுதிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல, இருட்டில் தெரியத்தான். கொஞ்சம் பெயிண்டும் ஒரு பிரஷும் இருந்தால் வாசலிலேயே அடித்துக்கொள்ளலாம். பெடல் கட்டையில் இருக்கும் மஞ்சள் ரிப்ளெக்டரைத் துடைத்து வைத்தால் இன்னும் நல்லது. அது மேலும் கீழும் ஏறி இறங்கும்போது 'இது சைக்கிள்' என்று தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் பாருங்கள், அந்த மஞ்சளும் பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டுமானால் எதிரே வருகிறவர் டிம்மில் இருக்க வேண்டும். எதிர் வெளிச்சத்தில் அவருக்கும் கண் கூசி, நடுவில் போகும் நாங்கள் அப்படியே மறைந்துபோவோம்.

திருமங்கலம் பக்கமிருந்து பூ மூட்டையோடு மொபெட்டில் பறந்து வரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும், மார்க்கெட்டுக்கு முந்திப் போகிறவருக்குக் காசு. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. விளக்கை மட்டும் தாழ்த்துங்கள்.

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் கோலத்தை மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓட்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்கே எனக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். அதனால் இன்னும் கொஞ்சம் முந்திக் கிளம்பி, ஆறு மணிக்கு முன்னால் பசுமலையில் இருப்பேன். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும், கேரியரில் ஒரு மப்ளர். எதிரே வந்து நீங்கள் டிம் அடித்தால் நான் ஒரு தடவை பெல் அடிப்பேன். உங்கள் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. இருந்தாலும் அடிப்பேன்.

இப்படிக்கு,
ஹார்விபட்டி சைக்கிள்காரன்