பால் பத்தலை என்பவளிடம் முதலில் என்ன கேட்பாய்?

அன்பு மகள் கயலுக்கு,

தாய்ப்பால் துணையாளர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. சந்தோஷம். இதை முடித்தால் லேக்டேஷன் கன்சல்டண்ட் (தாய்ப்பால் ஆலோசகர்) ஆகிவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஆக முடியாது. அதற்கு வேண்டிய ஐபிசிஎல்சி என்பது 1985இல் தொடங்கிய சர்வதேச வாரியம் தேர்வு வைத்துக் கொடுக்கும் தகுதி. உடலியல் முதலான சுகாதாரப் பாடங்களோடு, தாய்ப்பால் பற்றி மட்டும் 95 மணி நேரம் படிக்க வேண்டும். அதற்கு மேல் அம்மாக்களோடு வேலை செய்த அனுபவம் 1000 மணி நேரம். தேர்ந்த ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் என்றால் 500. உன் பயிற்சி அந்தப் பாதையில் முதல் படியாக இருக்கலாம். ஆனால் அதன் நோக்கம் வேறு. பாலூட்டிப் பழகிய ஒருத்தி, புதிதாகப் பாலூட்டுகிறவளுக்குப் பக்கத்தில் இருப்பது. அவ்வளவுதான். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து சொல்வதும் உன் வேலை அல்ல.

வகுப்பில் பால் பற்றித்தான் அதிகம் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் திகைப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993இல் கொண்டுவந்த 40 மணி நேரப் பாடத்தைப் புரட்டிப் பார், கேட்கும் பழக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று. பால் கொடுக்கிறவள் உட்கார்ந்திருந்தால் நீயும் உட்கார். மடியில் கைப்பேசி வேண்டாம். 'நல்லாக் குடிக்கிறானா?' என்று கேட்டால் 'ம்' என்று முடிந்துவிடும். கூடவே, நன்றாகக் குடிக்காவிட்டால் தன் தப்பு என்ற பயமும் அவளுக்கு வந்துவிடும். 'நேத்துலேருந்து எப்படிக் குடிக்கிறான், சொல்லுங்க' என்று கேள். 'ராத்திரி முழுக்க அழறான்க்கா' என்றால் உடனே காரணம் சொல்லாதே. 'தூங்கவே விடலையா?' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திரு. மீதியை அவளே சொல்வாள். கடைசியில் ஒரு யோசனை, மிஞ்சினால் இரண்டு. ஏழு யோசனை கேட்டவள் ஒன்றையும் செய்யமாட்டாள்.

உனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை 'பால் பத்தலை' என்றுதான் ஆரம்பிக்கும். அப்போது மார்பைப் பற்றிக் கேட்காதே, டயப்பரைப் பற்றிக் கேள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு டயப்பராவது நன்றாகக் கனமாக நனைய வேண்டும். மலம் முதலில் தார் மாதிரி கறுப்பு, பிறகு பச்சை, நான்கைந்து நாளில் மஞ்சள். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தை நெருங்கினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிப்பது வழக்கம். சாயங்காலத்தில் விட்டு விட்டு மணிக்கணக்கில் குடிப்பதும் வழக்கம்தான். ஆறு வாரம் ஆனதும் மார்பு தளர்ந்து மெத்தென்று ஆவதைப் பார்த்துப் பால் வற்றிவிட்டது என்று பயப்படுவார்கள். வற்றவில்லை, தேவைக்கேற்பச் சுரக்கப் பழகிவிட்டது. இந்த இடத்தில் பயந்து ஒரு புட்டி பால்மாவு கொடுத்தால் அந்த வேளை மார்பில் பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு குறையும். மறுநாள் உண்மையாகவே பத்தாது.

அடுத்தது லாட்ச், அதாவது குழந்தை மார்பைக் கவ்வும் விதம். குழந்தை குடிப்பதை முழுதாக ஒருமுறை பார். உன் கை உன் மடியிலேயே இருக்கட்டும். அவள் மார்பைப் பிடித்து வாயில் திணிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில், வயிறு அம்மாவை ஒட்டி, மூக்கு காம்புக்கு எதிரே. வாயை அகலத் திறந்த பிறகுதான் அணைக்க வேண்டும். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல்பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் சரி. குடித்து முடித்து வாயை எடுத்ததும் காம்பைப் பார்க்கச் சொல். உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனை போலச் சாய்வாக நசுங்கி, நுனி வெளுத்திருந்தால் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. வெடிப்பு, வலி எல்லாம் அதிலிருந்துதான் வரும். முதலில் அணைக்கும் முறையைச் சரி செய், களிம்பு பிறகு.

இங்கே சிங்கப்பூரில் 16 வாரப் பேறுகால விடுப்பு முடிந்ததும் பால் எடுக்கும் பம்ப் பற்றிய கேள்விகள் கொட்டும். பாதிக்குமேல், மார்பில் வைக்கும் புனலின் அளவுப் பிரச்சினைதான். பெட்டியோடு வருகிற அளவு எல்லாருக்கும் பொருந்தாது. காம்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும், சிறிதாக இருந்தால் உரசும். பம்பில் 40 மில்லிதான் வந்தது என்பதால் குழந்தைக்கும் அவ்வளவுதான் கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. எடுத்த பாலை 25 டிகிரி வரை வெளியில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. நம் ஊர் வெக்கைக்கு அதை நம்பாதே, எடுத்த கையோடு குளிர்பெட்டிக்குள் வைக்கச் சொல். அங்கே நான்கு நாள் தாங்கும்.

இனி பாட்டிகள். என் வயதுக்காரிகள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நம் வீடுகளில் முடிவெடுப்பது பெரும்பாலும் பெற்றவள் அல்ல, அவள் மாமியார். அவரை விட்டுவிட்டுப் பேசினால் நீ வாசலைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிடும். 'வணக்கம்மா, நீங்களும் உட்காருங்க' என்று சேர்த்துக்கொள். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் தாராளமாகச் சமைக்கட்டும், கெடுதல் இல்லை. பால் சுரப்பது குழந்தை குடிப்பதால் என்பதை மட்டும் பக்குவமாகச் சேர்த்துச் சொல். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவள் வெந்தயத்தை அள்ளி விழுங்குவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்கச் சொல், இரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்தால், தாகம் எடுக்கும்போதாவது குடிக்கட்டும் என்று பேசிப் பார். விட்டுக்கொடுக்கக் கூடாதவை: சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைப்பது (ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து), மஞ்சள்காமாலைக்கு வெயிலில் காட்டினால் போதும் என்று மருத்துவமனை தேதியைத் தள்ளிப்போடுவது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது. இன்னொன்றும் கேட்டுவிடு. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாட்டுப் பரிசோதனை செய்வார்கள். குறை இருப்பதாகச் சொல்லியிருந்தால், அந்துருண்டை போட்ட அலமாரியிலிருந்து எடுத்த பழஞ்சேலையில் பிள்ளையைச் சுற்றக் கூடாது. இரத்த அணுக்கள் உடைந்து காமாலை கடுமையாகும்.

எப்போது கைமாற்றிவிட வேண்டும் என்பதையும் மனதில் வை. பிள்ளை எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் வந்தால், மஞ்சள் கால் வரை இறங்கினால், அன்றே மருத்துவரிடம். அம்மாவுக்கு மார்பில் சிவந்து வலித்தால் குளிர் ஒத்தடம், குழந்தைக்கு வழக்கம்போலப் பால். அழுத்தித் தேய்ப்பதும் கூடுதலாகப் பம்ப் செய்வதும் வீக்கத்தைக் கூட்டும். ஒரு நாளில் குறையாவிட்டாலோ காய்ச்சல் ஏறினாலோ அவளும் மருத்துவரிடம் போக வேண்டும். 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்கிற மாதிரி பேசினால் பாலைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்து. தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐக் கொடு, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசு, உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995.

பால்மாவு நிறுவனம் தரும் பேனாவைக்கூட வாங்காதே. பால்மாவு விற்பனை பற்றிய 1981ஆம் ஆண்டின் உலக நெறிமுறை எதற்காக வந்தது என்று வகுப்பில் சொல்வார்கள். அதே சமயம், பால்மாவு கொடுக்க முடிவு செய்தவளிடம் முகம் சுளிக்காதே. தண்ணீர் எவ்வளவு, மாவு எத்தனை கரண்டி என்று டின்னில் இருப்பதை அவளோடு உட்கார்ந்து படி.

வகுப்பு நாட்கள் தெரிந்ததும் வாட்சாப்பில் அனுப்பு. சனிக்கிழமை என்றால் பேரனை பொங்கோலுக்கு வந்து நான் பார்த்துக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அம்மா