18,572 முறை எழுந்து விழுந்த கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இந்த முறை தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. என்ன நடந்தது என்று எழுதுகிறேன், சிரித்துக்கொள். மகள் சைக்கிளில் உதவிச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி அடம் பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, கழற்றிவிட்டாயா?

"சர்வீஸ் விழுந்தால் சூப்பர்வைசர் தூக்கிவிடப் போகிறது, அதற்கு எதற்குடா வரம்பு?" என்று கேட்டிருந்தாய். அதாவது, சர்வரில் பின்னணியில் ஓடும் புரோகிராம் செத்தால் அதைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுப்பிவிடுமே, எத்தனை முறை எழுப்பலாம் என்று எல்லை எதற்கு என்கிறாய். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் சர்வீஸ் ஒன்றின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. எழுந்திருக்கும், சான்றிதழைப் பார்க்கும், இரண்டு விநாடியில் செத்துப்போகும். லினக்ஸில் சர்வீஸ்களைக் கவனிக்கும் சூப்பர்வைசரான சிஸ்டம்டி பத்து விநாடி பொறுத்து மறுபடி எழுப்பும். சனி, ஞாயிறு முழுக்க இதே கூத்து. எழும் ஒவ்வொரு முறையும் அது தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் இரண்டு எம்பி அளவுக்கு எதையோ பிரித்து வைக்கும். ஒழுங்காக நின்றால்தான் அதை அழிக்கும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு டிஸ்க் நிரம்பி, பக்கத்திலிருந்த டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுபோனது. அப்போதுதான் எனக்கு போன் வந்தது. லாகைத் திறந்தால், ரீஸ்டார்ட் கவுன்ட்டர் 18,572 என்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், எச்சரிக்கை அனுப்ப, சர்வீஸின் அமைப்புகளைச் சொல்லும் யூனிட் ஃபைலில் ஆன்ஃபெயிலியர் ('தோற்றால் இதைச் செய்') வரியை நானே எழுதி வைத்திருந்தேன். அது ஒரு முறைகூட ஓடவில்லை. ஏன் தெரியுமா? தானாக ரீஸ்டார்ட் ஆகும் சர்வீஸ், வரம்பைத் தொட்ட பிறகுதான் 'ஃபெயில்டு' நிலைக்கே போகும். அதுவரை சிஸ்டம்டியைப் பொறுத்தவரை அது 'எழுந்துகொண்டிருக்கிறது', அவ்வளவுதான். ஃபெயில்டு பட்டியலைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். வரம்பு இல்லையென்றால் மனிதனைக் கூப்பிடும் மணியும் இல்லை.

"இயல்பாகவே வரம்பு இருக்கிறதே" என்பாய். இருக்கிறது: 10 விநாடிக்குள் 5 முறை. மறுபடி எழுப்பும் முன் காத்திருக்கும் நேரமான ரீஸ்டார்ட்செக்கின் இயல்பு மதிப்பு 100 மில்லிவிநாடி என்பதால், எழுந்தவுடனே சாகும் சர்வீஸ் அந்த வரம்பில் சட்டென்று சிக்கிவிடும். நான்தான் புத்திசாலித்தனமாக, சர்வரை மூச்சுத் திணற வைக்க வேண்டாமென்று அதைப் பத்து விநாடி ஆக்கினேன். பத்து விநாடிக்கு ஒரு முறை எழுந்தால் பத்து விநாடிக்குள் ஐந்து முறை எப்படி வரும்? மூன்று விநாடி வைத்திருந்தாலும் வராது. காத்திருக்கும் நேரத்தை ஏற்றியவன், எத்தனை முறை எழுந்தது என்று எண்ணும் அந்த 10 விநாடி இடைவெளியையும் சேர்த்து ஏற்றியிருக்க வேண்டும்.

இப்போது 30 விநாடிக்கு ஒரு முயற்சி, 600 விநாடிக்குள் 10 முறை என்று வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் முட்டிப் பார்த்துவிட்டுக் கைவிடும். டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆக மூன்று நிமிடம் ஆகிறது, அதைத் தாங்க வேண்டுமே என்றுதான் இந்தக் கணக்கு. இடைவெளி வரியை ஃபைலின் யூனிட் பகுதியில் எழுது, சர்வீஸ் பகுதியில் அல்ல. வரம்பைத் தொட்டபின், அந்த இடைவெளி முடியும்வரை, கையால் ஸ்டார்ட் கொடுத்தாலும் மறுக்கும். கணக்கை அழிக்கும் ரீசெட்-ஃபெயில்டு கட்டளையைக் கொடுத்த பிறகு எழுப்பு. முதல் தடவை நான் இதற்கே கால் மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டம்டிக்கு முன்னால் இதே வேலையைச் செய்த பழைய இனிட் ஞாபகமிருக்கிறதா? இரண்டு நிமிடத்தில் பத்து தடவைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால், 'மிக வேகமாக எழுகிறது' என்று கன்சோலில் கத்திவிட்டு ஐந்து நிமிடம் தொடவே தொடாது. அன்று அதை எவ்வளவு கேலி செய்தோம்! பல சர்வர்களில் கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ் வேறு மாதிரி: காத்திருக்கும் நேரத்தை 10, 20, 40 விநாடி என்று கூட்டிக்கொண்டே போகும், ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டாது, ஆனால் கைவிடாது. எனக்குப் பிடித்தது எர்லாங் என்ற நிரலாக்க மொழியின் வழிதான். வரம்பு மீறினால் மேற்பார்வை செய்யும் புராசஸ் தானே செத்து, பிரச்சினையைத் தனக்கு மேலே உள்ளதிடம் தள்ளிவிடும்.

நெட்வொர்க் ஒரு கணம் தடுமாறியது, டேட்டாபேஸ் எழ நேரமாகிறது என்றால் மறுமுயற்சி மருந்து. காலாவதியான சான்றிதழை எத்தனை தடவை எழுப்பினாலும் தேதி பின்னால் போகாது. அந்த மாதிரிப் பிழைகளுக்குத் தனி எக்ஸிட் கோடு (புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) கொடுத்து, அந்தக் கோடு வந்தால் எழுப்பாதே என்று ரீஸ்டார்ட்பிரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸில் எழுதிவிடலாம். எங்கள் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் 1 என்றே சொல்லிச் சாகிறது. அதைத் திருத்துவதுதான் இந்த வார வேலை.

உன் யூனிட் ஃபைல்களை அனுப்பு. ரீஸ்டார்ட்செக் மட்டும் எழுதி, இடைவெளியைத் தொடாத ஃபைல் குறைந்தது இரண்டு இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்